ஜிப்பக்கா நிரப்பிய மூன்று ஃபாரங்கள்

தங்கை ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. பதினொன்றரைக்கு ரயில். பத்தேகாலுக்கு அவளும், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனும் வாடகைக் காரில் வந்து கடை வாசலில் இறங்கினார்கள். அவன் கம்பெனி அவனைப் பத்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் பெரிய நகரம் ஒன்றுக்கு மாற்றியிருந்தது. அங்கே லிஃப்ட் இல்லாத கட்டடமே கிடையாது என்று ஒரு மாதமாக அளந்துகொண்டிருந்தான்.

ஜிப்பக்கா அப்போது ஒரு சூட்கேஸின் நம்பர் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்காரருக்கு எண் மறந்துவிட்டது. பூஜ்யத்தில் ஆரம்பித்து, ஒவ்வோர் எண்ணாக வைத்துத் தாழைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். எங்காவது ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும்.

"கிளம்புறேன்க்கா."

"ம்... நானூத்திப் பதினேழு... நானூத்திப் பதினெட்டு..."

"எந்திரிச்சு வரக்கூட மாட்டியா?"

"இப்ப விட்டா திரும்பவும் சைபர்லேர்ந்து வரணும். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

தங்கை கைப்பையைத் திறந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் கடைச் சாவியை வைத்தாள். பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டு தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் திறந்தபோது ரயில் போயிருந்தது. பெட்டிக்காரருக்கு அப்படியொன்றும் அவசரமில்லை. டீ குடிக்கப் போனவர் மதியத்துக்கு மேல்தான் வந்தார். எத்தனாவது எண் என்று குறித்து வைக்க அக்காவின் காதோரத்தில் பென்சிலும் செருகியிருந்தது. இதெல்லாம் அக்காவுக்கே தெரியும்.

ஜிப்பக்கா என்பது பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் வைத்த பெயர். பத்தொன்பது வயதில் ஒரு பை தொழிற்சாலையில் கைப்பிடி தைக்கப் போனாள். ஒரு நாளைக்கு முந்நூறு கைப்பிடி. ஏழு வருஷம் கழித்து, ஒரு மெஷினை மலிவாக வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே கடை போட்டாள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. படியின் சரிவு தலையில் இடிக்கும். பல் விட்ட ஜிப், கழன்ற சக்கரம், உள்ளே போனால் வெளியே வராத இழுப்புக் கைப்பிடி, எது வந்தாலும் வண்டி கிளம்புவதற்குள் தயார். வேலை ஓடும்போது வாயும் ஓடும். "உங்க ஜிப்பு நல்ல ஜிப்புங்க, நீங்க தின்னு தின்னு பெருத்த மாதிரி பையை அடைச்சா அது என்ன செய்யும்?" என்பாள். திட்டு வாங்கவே வருகிறவர்கள் உண்டு.

தங்கை ஒன்பது வயது இளையவள். படிப்பு முடிந்ததும் நேராக இந்தப் படிக்கட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்தாள். பேச்சு கம்மி. ஆனால் கை இருக்கிறதே, அது தனி. ஜிப்பை ஓட்டும் ரன்னரைக் குறடால் அழுத்தும்போது ஒரு மயிரிழை கூடினால் அது இறுகிப்போகும், குறைந்தால் பல் பிடிக்காது. அக்கா மூன்று தடவை அழுத்திப் பார்ப்பாள். தங்கை ஒரே தடவை.

வீடியோ யோசனை தங்கையுடையது. அறுந்த தோள்பட்டை வார் ஒன்றை டியூப் லைட் கம்பியில் கட்டி, அதில் போனைத் தொங்கவிட்டாள். கீழே கல்லாப் பலகையில் அவள் கைகள் வேலை செய்யும். ஓரத்தில் உட்கார்ந்து அக்கா பேசுவாள். முகம் யாருக்கும் இல்லை. 'ஜிப்பக்கா' என்றே சேனலுக்குப் பெயர். நான்கு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோ, முப்பத்தெட்டாயிரம் பேர். பஸ்ஸிலிருந்து இறங்குகிற யாராவது, "உங்க குரலைக் கேட்டிருக்கேனே" என்று நின்றால் அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஆனாலும் கருத்துப் பகுதியில் சிலர் எழுதுவார்கள்: 'என்ன கை இது!' 'கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.' அதைப் படிக்கும்போதெல்லாம் அக்கா தன் கையைப் பார்ப்பாள். ஊசி ஏறிக் கறுத்த இரண்டு நகம், சுத்தியல் பட்டுச் சப்பையான ஒரு கட்டைவிரல். உடனே தங்கையிடம், "ஜிப்புல தேச்ச மெழுகைத் துடைச்சு வைக்கத் தெரியாதா?" என்று எரிந்து விழுவாள். தங்கை துடைத்து வைப்பாள்.

தங்கை போன பிறகு அக்கா தன் கையை வைத்து ஐந்து வீடியோ போட்டாள். முதல் வீடியோவுக்கு வந்த முதல் கருத்து: 'அந்தக் கை எங்கே?' ஐந்தாவதற்குக் கருத்தே வரவில்லை. ஆறாவதை அவள் எடுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தங்கை தனியாக ஒரு சேனல் தொடங்கினாள். அதில் பேச்சே கிடையாது. அடுப்படி மேஜை, மேலேயிருந்து விழும் வெளிச்சம், இரண்டு கை. ரன்னர் ஏறும் கிர்ரென்ற சத்தம், நூல் துணிக்குள் போகும் சத்தம், ரிவெட் ஆணியில் சுத்தியல் விழும் சத்தம். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் ஐம்பத்தேழாயிரம் பேர்.

அக்கா விடாமல் பார்த்தாள். ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவில் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள், பள்ளிக்கூட வேன் ஓட்டும் புருஷன் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது மடியில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எண்ணிக்கையில் தானே ஒன்றைக் கூட்டிவிடுகிறோம் என்று தெரிந்து பல்லைக் கடித்தாள். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த அடுப்படியில் ஜன்னல் இருந்தது. நிமிர்ந்து நிற்க இடம் இருந்தது. தங்கை நகத்துக்கு வெளிர் ரோஜா நிறம் பூசியிருந்தாள்.

"என்ன, போனுக்குள்ளயே விழுந்து கிடக்க?" என்றான் புருஷன்.

"என் தங்கச்சி வீடியோ. பார்க்கக்கூடாதா?"

"பாரு, பாரு. சந்தோஷமாப் பாரு. ஏன் மூஞ்சி இப்படிக் கடுகடுன்னு இருக்கு?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கருத்தைப் படித்தாள். யாரோ எழுதியிருந்தார்: 'முன்னாடி இதே கைக்குப் பக்கத்துல ஒரு அக்கா தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பாங்க. இப்பதான் நிம்மதி.' அதற்கு நானூற்று ஆறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். சேனல்காரி போடும் இதயக்குறி இருக்கிறதா என்று அக்கா உற்றுப் பார்த்தாள். தங்கை அதைப் போடவில்லை. கருத்தை நீக்கவும் இல்லை.

அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களிடம் அக்கா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. "உடம்பு சரியில்லையாக்கா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அண்ணனிடம்தான் புலம்பித் தீர்த்தாள். அவருக்கு உலகத்தில் தெரியாத விஷயம் கிடையாது. அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகச் சொல்வார்.

"அது உன் ஐட்டம்தானேம்மா? நீ கத்துக்கொடுத்த வேலை, உன் கடையில பழகின கை. காப்பிரைட் போடு."

"அப்படின்னா?"

"ஒரு ஃபாரம். ஆன்லைன்லயே இருக்கு. 'இது என்னோட வீடியோ, திருடிட்டாங்க'ன்னு எழுதினா தூக்கிருவான். என் பொண்ணு பிறந்தநாள் வீடியோவையே தூக்கினான், பின்னாடி எங்கேயோ பாட்டு ஓடுச்சுன்னு. யார்கிட்ட போய் அழுறது?"

"ஆனா இது அவ எடுத்ததுண்ணே. அவ வீட்ல."

"பார்க்குறது என்ன, மனுஷனா? மெஷினு. பழைய வீடியோவோட லிங்க்கைக் குடு. அதுலயும் அதே கை, அதே குறடு. மெஷினுக்கு என்ன தெரியும்?"

கடைச் சேனல் திறந்திருந்த பழைய போனைக் கொண்டுவந்தாள். உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போடக் கூசியது. 'அகில உலகப் பயணப்பை உரிமை மையம்' என்று அண்ணன் அடித்துவிட்டார். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொய்யென்றால் சட்டப்படி நான் பொறுப்பு. அக்காவின் விரல் அதற்கு மேலேயே நின்றது.

"அதையெல்லாம் யாரும்மா படிக்கிறா? தட்டு."

தட்டினாள். சக்கரம் மாற்றுவது எப்படி என்று தங்கை காட்டிய வீடியோ மறுநாள் காலையில் இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்புக் கட்டமும், அகில உலக மையத்தின் பெயரும்தான் இருந்தன. யாரும் போன் செய்யவில்லை, 'நீ யார், உன் ஆதாரம் என்ன' என்று ஓர் ஆள் கேட்கவில்லை. மூன்று நிமிஷம் தட்டியதில் இரண்டு லட்சம் பேர் பார்த்த ஒன்று காணாமல்போனது. அன்றைக்கு மதியம் அக்கா இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை கூப்பிடுவது வழக்கம். அந்த ஞாயிறும் கூப்பிட்டாள்.

"கடையெல்லாம் எப்படிக்கா போகுது?"

"போகுது. உனக்கென்ன, நீ பெரிய ஆளு."

தங்கை சிரிக்கவில்லை. "என்கிட்ட எதாச்சும் சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"ஒன்னுமில்ல. சும்மா கேட்டேன்."

இரண்டாவது ஃபாரத்தை அக்கா ஜெராக்ஸ் அண்ணன் இல்லாமல் தானே நிரப்பினாள். தங்கை எடுத்ததிலேயே அழகான வீடியோ அது. கிழிந்த முதுகுப்பை ஒன்றை முழுசாகப் பிரித்துப் புதுசாகத் தைக்கும் நாற்பது நிமிஷம். அதில் ஒரு நொடி தங்கை கையை நிறுத்தி, நூலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள். அந்த ஒரு நொடிதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அதுவும் போனது. மூன்று மாதத்துக்குள் மூன்றாவது புகார் விழுந்தால் சேனலையே அழித்துவிடுவார்கள் என்று அண்ணன் போகிறபோக்கில் சொன்னார். அக்கா அதைக் கேட்காததுபோல் நூல் கண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு தங்கை ஒரு செய்தி சொன்னாள். சூட்கேஸ் கம்பெனி ஒன்று தன் சர்வீஸ் சென்டர்காரர்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறது. அவள் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். திங்கள்கிழமை மேலதிகாரிகள் உட்கார்ந்து சேனலைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் வேலை.

"எல்லா ஊருக்கும் போகணுமாம்க்கா. கத்துக்குடுக்கணுமாம்."

"வாயே திறக்க மாட்ட, நீ எப்படிக் கத்துக்குடுப்ப?"

"கையைக் காட்டினா போதுமாம்."

அக்கா போனை வைத்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே பதினாறு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தவர் பைகளை ஊர் ஊராக அனுப்பிவைத்தவள், தான் ஒரு பஸ் ஏறி எங்கும் போனதில்லை. தங்கையின் சேனலைத் திறந்தாள். புது வீடியோவின் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: 'இந்த வேலையை யாரிடம் கற்றீர்கள்?' தங்கை ஒரே சொல்லில் பதில் போட்டிருந்தாள். 'வீட்டில்.'

அக்கா இல்லை, கடை இல்லை, படிக்கட்டுக்கு அடியில் குனிந்து குனிந்து கழிந்த வருஷங்கள் இல்லை. சும்மா வீட்டில். சமையல் கற்றதுபோல.

மூன்றாவது ஃபாரத்துக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சின்னக் கட்டத்தைத் தட்ட விரல் இந்தத் தடவை நிற்கவும் இல்லை.

திங்கள் மதியம் கூப்பிட்டது லிஃப்ட் மெக்கானிக்.

"அக்கா, சேனலே போயிடுச்சு. காலையில பார்த்தா ஒன்னுமே இல்லை. கம்பெனிக்காரங்க லிங்க் வேலை செய்யலைங்கிறாங்க. புதன்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. இவ பேசவே மாட்டேங்கிறா. சாப்பிடவும் இல்ல."

"யாரு செஞ்சதாம்?" என்று அக்கா கேட்டாள். 

"ஏதோ அகில உலக மையமாம். அப்படி ஒரு ஆபீஸே எங்கேயும் இல்லைக்கா, தேடிட்டேன். எவனோ வயித்தெரிச்சல் பிடிச்ச நாயி. உங்க பக்கம் விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கேளுங்களேன்."

கேட்கிறேன் என்றாள். சேனல் போனது என்று கேட்டால் மனசு குளிரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். சாப்பிடவில்லை என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. சின்ன வயதிலும் தங்கை அப்படித்தான். அடித்தால் அழமாட்டாள், தட்டைத் தள்ளி வைப்பாள். பிசைந்து ஊட்டுவது அக்காவின் வேலை.

பழைய போனை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, போட்டதை எடுக்கணும்."

"எதை?"

"மூணையும்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு துழாவினார். திரும்பப் பெற வழி இருந்தது. ஆனால் போன் முரண்டு பிடித்தது. இது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்துங்கள். கணக்கில் பதிந்த எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்புகிறோம். கடைசி இரண்டு எண் நாற்பத்தேழு.

"யார் நம்பர் இது? உன்னுது இல்லையே?"

அக்காவுக்கு அது யார் எண் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சேனலைத் தொடங்கியவள் தங்கை. தன் மெயிலிலும் தன் எண்ணிலும் தொடங்கினாள். கடைப் போனில் அது எப்போதும் திறந்தே கிடந்ததால், யாருடைய கணக்கு என்ற நினைப்பே அக்காவுக்கு வந்ததில்லை.

"தங்கச்சியுதுண்ணே. அப்போ... நான் ஃபாரம் போட்டப்போ மெயில் வருமே, கிடைச்சதுன்னு?"

"அவங்களுக்குத்தான் போயிருக்கும். மூணு தடவையும்." ஜெராக்ஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அட, அது மட்டும் இல்லம்மா. கணக்கே அவங்களுதுதானே? அவங்களே உள்ள போய்ப் புகாரை எடுத்துவிட்டிருக்கலாமே. முதல் நாளே. ஏன் எடுக்கல?"

அக்கா பழைய போனை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து, படிக்கட்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்."

அந்தப் பக்கம் குழாய் ஓடும் சத்தம். அது நின்றது.

"வந்திருக்கு."

"அதைச் சொல்லு."

தங்கை சொன்னாள். ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, குறித்துக்கொள்ள நேரம் கொடுத்துச் சொன்னாள். அக்கா இந்தத் தடவை பென்சிலை எடுத்துக் கல்லாப் பலகையிலேயே எழுதினாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்." பிறகு, "நீ சாப்பிடு" என்றாள்.

"ம்" என்றாள் தங்கை. வைத்துவிட்டாள்.

மூன்று புகாரும் திரும்பப் பெறப்பட்டன. சேனலை எடுத்தபோது ஒரு நாளில் எடுத்த மெஷின், திருப்பித் தரப் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டது. கம்பெனி புதன்கிழமை வரை காத்திருந்துவிட்டு வேறு ஒருவரை வைத்துக்கொண்டது. அது தங்கை சொல்லித் தெரிந்ததல்ல; லிஃப்ட் மெக்கானிக் சொன்னான். அவனுக்கு அப்போதும் யார் செய்தது என்று தெரிந்திருக்கவில்லை. தங்கை அவனிடம்கூடச் சொல்லவில்லை.

அக்கா அதற்கும் பொறாமைப்பட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு எட்டு வார்த்தை வைத்திருந்தாள். நாற்பது நாளாகத் தயார் செய்திருந்த வார்த்தைகள். கணக்கு மொத்தமும் தங்கையுடையது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோவையும் ஒரு மதியத்தில் அழித்துவிட்டு, நியாயமும் தன் பக்கம் என்று இருந்திருக்கலாம். அவள் எதையும் தொடவில்லை. ரன்னரை அழுத்துகிற மாதிரி, இதிலும் அவளுக்கு அளவு தெரிந்திருந்தது. வேலை செய்யச் செய்ய அக்கா இதையே நினைத்தாள். குறடைக் கூடுதலாக அழுத்தி நல்ல ஜிப் இரண்டைக் கெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நின்றுபோனது. இவளாகக் கூப்பிட்டால் எடுப்பாள். நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்க, அப்புறம் வேலை இருக்கு. தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு கடை எடுத்திருப்பதாக லிஃப்ட் மெக்கானிக் சொன்னான். வீடியோ வந்துகொண்டிருந்தது. அக்கா இப்போதும் எல்லாவற்றையும் பார்த்தாள், ஒவ்வொன்றுக்கும் வயிறு காந்தியது. ஃபாரம் இருக்கும் பக்கத்தை மட்டும் திறக்கவில்லை. ஒருநாள் ஆள் இல்லாத மதியத்தில், வாரில் போனைத் தொங்கவிட்டு, சப்பைக் கட்டைவிரலோடும் தொணதொணப்போடும் ஆறாவது வீடியோவை எடுத்துப் போட்டாள். எழுபது பேர் பார்த்தார்கள். ஒருவர், 'அக்கா, திட்டுங்க, திட்டுங்க' என்று எழுதியிருந்தார்.

ஒன்றரை வருஷம் கழிந்தது. ஒரு காலை, பால் பையை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. தங்கையிடமிருந்து ஒரு செய்தி. அவள் அவ்வளவு நீளமாக எழுதி அக்கா பார்த்ததே இல்லை.

'அக்கா, எங்க கடையில ஆறு மாசம் என்கிட்ட வேலை கத்துக்கிட்டுப் போன ஒருத்தி இப்ப தனியா சேனல் ஆரம்பிச்சிருக்கா. அதே மாதிரி மேலேர்ந்து கேமரா, அதே மாதிரி பேச்சில்லாம. போன வாரம் என்னைத் தாண்டிட்டா. அவ கை என் கையைவிட நல்லா இருக்குக்கா, பொய் சொல்லல. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. அந்த ஃபாரத்தைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ முதல்ல எந்தக் கட்டத்தை நிரப்புன?'